வாசகர் கேள்வி பதில்: ஒஹையோவின் செனட்டரும் டர்பனின் தையல் மேசையும்

சென்ற இதழில், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்த ஷெராட் ப்ரவுன் என்ற அரசியல்வாதியைப் பற்றி ஒரே ஒரு பத்தி எழுதி, "ஊசி பிடித்துப் பிழைத்த குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய மனிதர்" என்று முடித்திருந்தேன். அதற்கு நம் தென்னாப்பிரிக்க வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களே இந்த முறை பகுதி முழுவதையும் நிரப்பிவிட்டன. வேறு பொருள் குறித்துக் கேட்டிருந்தவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: ஐயா, நான் முப்பத்தொரு ஆண்டுகள் டர்பனின் ஜேக்கப்ஸ் பக்கத்துத் தொழிற்சாலைகளில் மெஷினிஸ்டாக இருந்தவள். வேலை போன நாளில் என் கத்தரிக்கோலை மட்டும் கையோடு எடுத்து வந்தேன். நீங்கள் எழுதிய அமெரிக்கர் எங்களைப் போன்றவர்களுக்கு அப்படி என்னதான் செய்தார்? விவரமாகச் சொல்லுங்கள்.
— ஓய்வுபெற்ற தையல் தொழிலாளி, சாட்ஸ்வொர்த்

பதில்: அம்மா, தங்கள் கத்தரிக்கோலைப் பற்றிப் படித்ததும் என் தாயாரின் நினைவு வந்துவிட்டது. அவர் ஓவர்லாக் இயந்திரத்தில் இருந்தவர். நாலரை மணிக்கு எழுந்து, ரொட்டி சுட்டு வைத்துவிட்டு, இருட்டோடு பேருந்து ஏறுவார். வெட்டிய துணிகள், துணிக் கிழிசலால் கட்டப்பட்டு, மேலே எண் சீட்டு குத்தப்பட்டு, கட்டுக்கட்டாக அவர் மேசைக்கு வரும். ஒரு கட்டு முடிந்ததும் அந்தச் சீட்டைக் கிழித்து ஓர் அட்டையில் ஒட்டுவார். மாலையில் அந்த அட்டையைப் பார்த்துத்தான் அன்றைக்கு அவர் உழைத்தாரா இல்லையா என்று மேற்பார்வையாளர் முடிவு செய்வார். ஆர்டர் குறைந்த வாரங்களில் "ஷார்ட் டைம்" என்று வாசலில் தாள் ஒட்டுவார்கள். பிறகு ஓர் ஆண்டு, டிசம்பர் விடுமுறைக்கு மூடிய வாசல் ஜனவரியில் திறக்கவே இல்லை.

ப்ரவுன் இப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவர் அல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர் 1952இல், தொழிற்சாலைகள் நிறைந்த மேன்ஸ்ஃபீல்டு நகரில், ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்த 1974ஆம் ஆண்டிலேயே மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1983 முதல் 1991 வரை ஒஹையோவின் மாநிலச் செயலாளராகவும், 1993 முதல் வாஷிங்டனில் பிரதிநிதிகள் சபை உறுப்பினராகவும், 2007 முதல் 2025 ஜனவரி வரை செனட்டராகவும் இருந்தார். பிரதிநிதிகள் சபைக்குள் நுழைந்த முதல் ஆண்டிலேயே, அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய மூன்று நாடுகளின் தடையற்ற வணிக ஒப்பந்தமான நாஃப்டா வாக்கெடுப்புக்கு வந்தது. அதை நிறைவேற்றித் தருமாறு கேட்டவர் அவருடைய சொந்தக் கட்சியான ஜனநாயகக் கட்சியின் குடியரசுத் தலைவர் கிளின்டன். இருந்தும் ப்ரவுன் எதிர்த்து வாக்களித்தார். 2005இல் மத்திய அமெரிக்க நாடுகளுடனான ஒப்பந்தம் வந்தபோது எதிர்ப்பு வாக்குகளைத் திரட்டும் வேலையில் முன்நின்றார். அந்த ஒப்பந்தம் 217க்கு 215 என்ற கணக்கில், மயிரிழையில் நிறைவேறியது. அவர் தோற்ற வாக்கெடுப்புகள் பல. ஆனால் முப்பது ஆண்டுகளில் இந்த ஒரு பொருளில் அவருடைய நிலை மாறவில்லை.

தாங்கள் தையல் தொழிலாளி என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். ஒஹையோவில் புரூக்லின் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே ஆண்களுக்கான கோட்டு தைக்கும் தொழிற்சாலையை 2010இல் மூடப்போவதாக அதன் வெளிநாட்டு உரிமையாளர்கள் அறிவித்தார்கள். சங்கம் விடாமல் போராடியதில் அன்று அது மூடப்படவில்லை. அந்தப் போராட்டத்தில் தொழிலாளர் பக்கம் நின்ற ப்ரவுன், அங்கே சங்கத் தொழிலாளர்கள் தைத்த கோட்டுகளையே செனட் சபைக்கு அணிந்து வந்தார்.

கேள்வி: அவருடைய கோட்டில் ஒரு பறவைப் பொம்மை இருக்கிறதே, அது என்ன?
— மாணவி, மெரெபேங்க்

பதில்: செனட்டர்களுக்கு அடையாளமாகக் கோட்டில் குத்தத் தரப்படும் சின்னத்துக்குப் பதிலாக, கூண்டில் அடைத்த ஒரு கானரிப் பறவையின் உருவத்தை அவர் அணிந்து வந்தார். பணியிடத்தில் உயிரிழந்தவர்களை நினைவுகூரும் தொழிலாளர் நினைவு நாளில், லொரெயின் என்ற உருக்காலை நகரில் நடந்த கூட்டத்தில் அது அவருக்குத் தரப்பட்டது. நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர்கள் நச்சுவாயுவை அறிவதற்குக் கானரியைக் கொண்டு செல்வார்கள். பறவை மயங்கினால் மனிதர்கள் ஓடிவர வேண்டும். அவர்களைக் காக்க வலுவான சங்கமும் இல்லை, அக்கறையுள்ள அரசும் இல்லை, ஒரு பறவைதான் இருந்தது என்று அவர் மேடைதோறும் விளக்குவார். நேட்டாலின் டண்டீ, நியூகாசில் சுரங்கங்களில் ஒப்பந்தக் கூலிகளாக இறங்கிய நம் முன்னோரைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப்பார், அம்மா. அவர்கள் சொல்வதை எழுதி அனுப்பினால் இந்த இதழிலேயே வெளியிடலாம்.

கேள்வி: ஐயா, நான் காலணித் தொழிற்சாலையில் அச்சுக்கட்டை வேலை பார்த்தவன். அமெரிக்கப் பொருளை அமெரிக்காவிலேயே செய்ய வேண்டும் என்பவரை நீங்கள் புகழ்கிறீர்கள். அவர்கள் கதவைச் சாத்தினால் நம் ஊர்ச் சரக்கு எங்கே போகும்? நம் வாயில் மண்ணைப் போடுகிறவரை நாமே கொண்டாடலாமா?
— பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

பதில்: வந்த கடிதங்களில் மிகவும் நியாயமான கேள்வி தங்களுடையதுதான், ஐயா. உள்நாட்டு உற்பத்தியைக் காக்கும் எந்தக் கொள்கையும் வேறெங்கோ ஒரு தொழிலாளிக்கு ஒரு கதவை மூடவே செய்யும். இதை நான் மறுக்கவில்லை. 2000ஆம் ஆண்டில் அமெரிக்கா இயற்றிய ஆப்பிரிக்க வளர்ச்சி வாய்ப்புச் சட்டத்தால் நம் கார்களும் பழங்களும் தீர்வையின்றி அங்கே போயின. 2025 ஆகஸ்டில் நம் பொருள்களுக்கு 30 சதவீதத் தீர்வை விதிக்கப்பட்டபோது தோட்டங்களிலும் தொழிற்சாலைகளிலும் எவ்வளவு கலக்கம் ஏற்பட்டது என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்தத் தீர்வை வந்தபோது ப்ரவுன் பதவியில் இல்லை. அதனாலேயே தங்கள் கேள்வி அடிபட்டுவிடாது என்பதும் எனக்குத் தெரியும்.

நான் அவரை மதிப்பதற்குக் காரணம் வேறொரு நிகழ்ச்சி. நாஃப்டாவுக்குப் பதிலாகப் புதிய ஒப்பந்தம் ஒன்று பேசப்பட்டபோது, ப்ரவுனும் ஆரிகன் மாநிலத்து செனட்டர் ரான் வைடனும் சேர்ந்து அதில் ஒரு ஷரத்தைச் சேர்க்கப் பாடுபட்டார்கள். மெக்சிகோவில் குறிப்பிட்ட ஒரு தொழிற்சாலையில் தொழிலாளர்களுக்குச் சங்க உரிமை மறுக்கப்பட்டால், அந்த ஒரு தொழிற்சாலையின் மீது நேரடியாகப் புகார் கொடுக்கலாம்; விரைவாக விசாரிக்கப்படும்; தவறு திருத்தப்படாவிட்டால் அங்கிருந்து வரும் சரக்கு ஒப்பந்தச் சலுகையை இழக்கும். பழைய ஒப்பந்தங்களில் தொழிலாளர் உரிமை பற்றி அழகான வாசகங்கள் இருந்தனவே தவிர, அவற்றை மீறினால் யார் எப்போது என்ன செய்வது என்பதற்கு உருப்படியான ஏற்பாடு இருக்கவில்லை. இந்த ஷரத்து சேர்ந்த பிறகுதான் அவர் 2020 ஜனவரியில் ஆதரித்து வாக்களித்தார். தம் அரசியல் வாழ்வில் தாம் ஆதரித்த முதல் வணிக ஒப்பந்தம் அதுவே என்று அவரே சொன்னார்.

அதனால் என்ன நடந்தது என்று பாருங்கள். மெக்சிகோவின் சிலாவோ நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் பெரிய ஆலை இருக்கிறது. 2021இல் அங்கே பழைய சங்கம் நடத்திய ஒப்பந்த வாக்கெடுப்பில் வாக்குச் சீட்டுகள் அழிக்கப்பட்டன. இந்த ஷரத்தின் கீழ் அமெரிக்கா புகார் எழுப்பியது. ஆகஸ்டில் மறு வாக்கெடுப்பு நடந்தது. தொழிலாளர்கள் பழைய ஒப்பந்தத்தை நிராகரித்தார்கள். 2022 பிப்ரவரியில் தங்களுக்கென ஒரு சுதந்திரமான சங்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். சில மாதங்களில் சம்பளம் 8.5 சதவீதம் உயர்ந்தது. ஒஹையோவின் கார்த் தொழிலாளிக்காக எழுதப்பட்ட வரி, சிலாவோவில் கார் பூட்டும் தொழிலாளியின் வீட்டு உலையிலும் அரிசி போட்டது.

தீர்வைச் சுவர் எழுப்புவது ஒரு வகைப் பாதுகாப்பு. "எங்கள் ஊருக்கு அனுப்பு, ஆனால் அதைச் செய்தவருக்கு நியாயமான கூலி கொடுத்து அனுப்பு" என்று நிபந்தனை விதிப்பது இன்னொரு வகை. ப்ரவுன் இரண்டையும் ஆதரித்தவர்தான். முதலாவதில் தங்களுக்கும் அவருக்கும் பகை இருக்கலாம். இரண்டாவதில் அவர் தங்கள் கூட்டாளி. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் காலணித் தொழிலைச் சாய்த்தது எது என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சங்கமே அமைக்க முடியாத இடங்களில் செய்யப்பட்ட மலிவுச் சரக்கோடு, சங்கம் வைத்திருந்த தாங்கள் விலையில் போட்டியிட நேர்ந்தது.

கேள்வி: இவ்வளவு செய்தவர் 2024 தேர்தலில் ஏன் தோற்றார்? தொழிலாளர்களே கைவிட்டுவிட்டார்களா?
— இளம் வாசகர், வெருலம்

பதில்: தம்பி, அந்தத் தேர்தலில் ஒஹையோவில் டிரம்ப் ஏறத்தாழ 11 சதவீதப் புள்ளிகள் வித்தியாசத்தில் வென்றார், அதே வாக்குச் சீட்டில் ப்ரவுன் நான்கு புள்ளிகளுக்கும் குறைவான வித்தியாசத்தில் டிரம்பின் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த பெர்னி மொரேனோவிடம் தோற்றார். ஆக, டிரம்புக்கு வாக்களித்துவிட்டு ப்ரவுனுக்கும் வாக்களித்தவர்கள் கணிசமாக இருந்தார்கள். கிரிப்டோ நாணயத் துறையினர் மட்டுமே அவரைத் தோற்கடிக்க சுமார் 4 கோடி டாலர் செலவிட்டார்கள். வங்கித் துறைக்கான செனட் குழுவின் தலைவராக இருந்து கிரிப்டோ துறைக்குக் கடிவாளம் வேண்டும் என்று அவர் சொல்லிவந்ததே அதற்குக் காரணம்.

ஆனால் பணத்தை மட்டும் குறை சொல்லிவிட்டு நகர்வது சரியாகாது. நாஃப்டாவை நிறைவேற்றியது அவருடைய கட்சியின் ஆட்சி. அந்தக் காயம் ஆறவில்லை. ஒருவர் எதிர்த்து வாக்களித்திருந்தாலும், கட்சியின் மீதுள்ள கோபம் அவர் தலையிலும் விழும். நம் ஊரை எண்ணிப்பாருங்கள்: எல்லா இனத்தவரும் வாக்களித்த முதல் தேர்தலான 1994இல் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் எத்தனையோ தையல் தொழிலாளர்கள், தங்கள் சங்கம் ஆதரிக்கச் சொன்ன கட்சிக்கு வாக்களிக்கவில்லை. சங்கத்தின் மேல் அவர்களுக்கு வெறுப்பில்லை. நாளை என்ன ஆகும் என்ற அச்சம்தான் இருந்தது. தொழிலாளியின் வாக்கு தானாக வந்து சேரும் என்று எண்ணும் எந்தக் கட்சியும் ஏமாறும். 2025 ஆகஸ்டில் ப்ரவுன், 2026ஆம் ஆண்டின் செனட் தேர்தலில் மீண்டும் நிற்பதாக அறிவித்தார்.

கேள்வி: என் தாத்தா இரண்டாம் உலகப் போரில் ராணுவ லாரி ஓட்டியவர். அவருக்கு ஒரு பதக்கமும் பழைய காலணியும்தான் மிஞ்சின. முன்னாள் படைவீரர்களுக்காக ப்ரவுன் செய்தது என்ன? நமக்கு இங்கே ஏதாவது சட்டம் உண்டா?
— ஃபீனிக்ஸ் வாசகர்

பதில்: ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் ராணுவ முகாம்களின் கழிவுகளைப் பெருங்குழிகளில் கொட்டி எரித்தார்கள். அந்தப் புகையைச் சுவாசித்தவர்களுக்குப் பின்னாளில் புற்றுநோயும் மூச்சுக் கோளாறும் வந்தபோது, நோய்க்கும் புகைக்கும் உள்ள தொடர்பை அவர்களே நிரூபிக்க வேண்டும் என்று அரசு கேட்டது. ஒஹையோவைச் சேர்ந்த சார்ஜென்ட் ஹீத் ராபின்சன் 2020இல் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். அவருடைய பெயரைத் தாங்கிய சட்டத்துக்காகப் பாடுபட்டவர்களில் ப்ரவுன் முக்கியமானவர். 2022 ஜூலை இறுதியில் செனட்டில் அது முடங்கியபோது, முன்னாள் வீரர்கள் நாடாளுமன்றப் படிகளிலேயே இரவும் பகலும் உட்கார்ந்துவிட்டார்கள். ஆகஸ்ட் 2ஆம் நாள் 86க்கு 11 என நிறைவேறி, 10ஆம் நாள் கையொப்பமானது. இருபதுக்கும் மேற்பட்ட நோய்களுக்கு இனி வீரர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. அங்கே பணியாற்றினார் என்பதே போதும். நிரூபிக்கும் சுமையை நோயாளியின் தோளிலிருந்து இறக்கி வைத்ததே அந்தச் சட்டத்தின் உயிர்.

நம் நாட்டில் 2011ஆம் ஆண்டின் முன்னாள் படைவீரர் சட்டம் இருக்கிறது. விடுதலைப் படைகளில் இருந்தவர்களையும் பழைய அரசுப் படைகளில் இருந்தவர்களையும் அது சேர்த்தே அணைக்கிறது. 1961க்கு முந்தைய யூனியன் பாதுகாப்புப் படையும் அதில் அடங்கும். தங்கள் தாத்தாவைப் போன்ற இந்தியர்களுக்கு அந்தப் படையில் துப்பாக்கி தரப்படவில்லை. வண்டி ஓட்டவும், காயம்பட்டவர்களைத் தூக்கவும், சமைக்கவும்தான் விட்டார்கள். ஆனாலும் சட்டத்தின் பார்வையில் அவர் படைவீரரே. மருத்துவம், வீடு, பிள்ளைகளின் கல்வி, ஈமச்செலவு எனச் சலுகைகளின் பட்டியல் நீளமானது. பட்டியலில் இருப்பது வீட்டு வாசலுக்கு வந்து சேர எடுத்த காலமோ அதைவிட நீளமானது. தகுதியுள்ளவர்கள் காத்திருந்தே கண்மூடியதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

கேள்வி: நம் தென்னாப்பிரிக்காவில் அப்படி ஒரு தலைவர் உண்டா?
— டொங்காட் வாசகர்

பதில்: உண்டு. டர்பனின் சிடனம் பகுதியில் 1929இல் பிறந்த பில்லி நாயர், பால்பண்ணைத் தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைத்துத் தொடங்கி, ஆயுதப் போராட்டத்தில் சேர்ந்து, ரொபன் தீவில் இருபது ஆண்டுகள் சிறையிருந்து, 1994 முதல் பத்து ஆண்டுகள் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். தொழிலாளி, போராளி, மக்கள் பிரதிநிதி என்ற மூன்றையும் ஒரே வாழ்வில் பார்க்க வேண்டுமானால் ஒஹையோ வரை போக வேண்டியதில்லை.

உள்நாட்டு உற்பத்தியைப் பொறுத்தவரை, ஆடைத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச் செயலாளராக இருந்து அமைச்சரான எப்ராகிம் பட்டேலைச் சொல்ல வேண்டும். அமெரிக்க வால்மார்ட் நம் மாஸ்மார்ட் என்ற சில்லறைக் கடை நிறுவனத்தை வாங்க வந்தபோது, அவர் எதிர்த்து வழக்காடினார். வேலை நீக்கப்பட்டிருந்த 503 தொழிலாளர்கள் மீண்டும் சேர்க்கப்பட்டார்கள். 2019இல் கடைக்காரர்களும் தொழிற்சாலைகளும் சங்கமும் கையெழுத்திட்ட பெருந்திட்டத்தின்படி, 2030க்குள் கடைகளில் விற்கும் ஆடை, காலணிகளில் 65 சதவீதம் உள்நாட்டில் செய்தவையாக இருக்க வேண்டும்.

இங்கேதான் எனக்கு வருத்தம். அமெரிக்காவில் 2021ஆம் ஆண்டின் கட்டமைப்புச் சட்டத்தில், மத்திய அரசின் பணத்தில் கட்டும் பாலத்துக்கும் சாலைக்கும் உள்நாட்டு இரும்பையும் எஃகையுமே வாங்க வேண்டும் என்ற விதியை ப்ரவுனும் எதிர்க்கட்சி செனட்டர் ராப் போர்ட்மனும் சேர்ந்து சட்டத்துக்குள்ளேயே பதித்தார்கள். நாம் அதற்கு முன்பே, 2012 வாக்கில், அரசு வாங்கும் சீருடையும் காலணியும் முழுவதும் உள்நாட்டில் செய்தவையாக இருக்க வேண்டும் என்று வைத்திருந்தோம். ஆனால் அதைச் சட்டத்துக்குள் எழுதாமல், வெறும் விதிமுறைகளின் மேல் நிறுத்தியிருந்தோம். 2022இல் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் கொள்முதல் விதிமுறைகள் வேறொரு வழக்கில் விழுந்தன. 2023 ஜனவரியில் வந்த புதிய விதிமுறைகளில் உள்நாட்டு உற்பத்தி நிபந்தனையே இல்லை. காவலரின் சட்டையை நம்பி இயங்கிய தையல் கூடங்கள் ஒரே நாளில் நடுத்தெருவில் நின்றன. 2024இல் கையொப்பமான பொதுக் கொள்முதல் சட்டம் அந்த இடத்தை நிரப்ப வந்தது. இதற்கிடையில், கைபேசியில் வாங்கும் வெளிநாட்டு ஆடைப் பொட்டலங்கள், கடைக்காரர் கட்டும் 45 சதவீதத் தீர்வைக்குப் பதிலாக 20 சதவீதத்திலேயே பல ஆண்டுகள் உள்ளே வந்தன. அதைத் திருத்தியதும் 2024இல்தான். மேடையில் "உள்நாட்டுப் பொருளை வாங்குங்கள்" என்று சொன்ன அமைச்சர்கள் எத்தனையோ பேர். அந்தத் தீர்வைக் கணக்கைக் கவனித்தவர்கள் சிலரே.

கேள்வி: என் தாயார் 1980களில் தையல் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். பிராவிடென்ட் ஃபண்டுக்குப் பிடித்தார்கள் என்று மட்டும் நினைவு. தொழிற்சாலை இப்போது இல்லை. பணம் கிடைக்குமா?
— மவுண்ட் எட்ஜ்கம் வாசகி

பதில்: கிடைக்கக்கூடும், முயன்று பாருங்கள். ப்ரவுன் நெடுங்காலம் போராடியதும் இதற்காகத்தான். ஒஹையோவின் லாரி ஓட்டுநர் புட்ச் லூயிஸ், தம் சகாக்களின் ஓய்வூதியம் வெட்டப்படுவதை எதிர்த்துப் போராடிக்கொண்டிருக்கும்போதே 2015 கடைசி நாளில் இறந்தார். அவர் பெயரில் ப்ரவுன் கொண்டுவந்த மசோதாவின் சாரம் 2021 மார்ச்சில் சட்டமானது. அடுத்த ஆண்டு 3,50,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் ஓய்வூதியம் காப்பாற்றப்பட்டது.

தாங்கள் முதலில் டர்பனில் உள்ள ஆடைத் தொழில் பார்கெய்னிங் கவுன்சில் (முதலாளிகளும் சங்கமும் சேர்ந்த பேரவை) அலுவலகத்துக்குச் செல்லுங்கள். நிதித் துறை நடத்தை ஆணையத்தின் இணையதளத்தில், கோரப்படாத தொகைகளைத் தேடும் வசதியும் கட்டணமின்றி இருக்கிறது. பணம் வாங்கித் தருவதாகச் சொல்லிக் கமிஷன் கேட்பவர்களிடம் எந்தத் தாளையும் கொடுக்காதீர்கள். தாயாரின் திருமணத்துக்கு முந்தைய பெயரிலும் தேடச் சொல்லுங்கள். பல பெண்களின் பதிவு அந்தப் பெயரிலேயே நின்றுவிட்டது. இன்னொன்று: 1986 வரை அடையாள எண்ணில் இனத்தைக் குறிக்கும் இலக்கம் இருந்தது, அதை நீக்கியபோது எண்ணின் கடைசி இலக்கங்கள் மாறின. ஆகவே பழைய அடையாளப் புத்தகம், சம்பள உறை, சங்கச் சந்தா அட்டை, எது பெட்டியில் கிடந்தாலும் எடுத்துச் செல்லுங்கள். பழைய எண்ணில் தேடும்போதுதான் பல கோப்புகள் அகப்படுகின்றன.